படத்தில் உட்கார்ந்த ஈ

புருஷன் செத்த செய்தி வந்த பிறகும் சாரதா தலையில் பூ வைத்துக்கொண்டுதான் ஜப்பான்காரன் பங்களாவுக்கு வேலைக்குப் போனாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்குத்தான் பொறுக்கும்? "கூட்டிப் பெருக்கத்தான் போறாளா, இல்ல வேற எதுக்குமா?" என்று கங்காணி பெண்சாதி மணியம்மா கேட்டதை, காது கேளாதவர்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவன் வேலப்பன். சாரதாவின் புருஷன் இருளப்பனோடு ஒரே லோரியில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, இனி இவன் வேலைக்கு ஆகமாட்டான் என்று திருப்பி விரட்டப்பட்டவன். "தீபாவளிக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டாரு அண்ணி. என் கையாலதான் மண்ணு தள்ளுனேன்" என்றான். அதோடு அவன் பேச்சு குறைந்தது.

குளிக்கும்போதுகூட அவன் சட்டையைக் கழற்றுவதில்லை. சயாம் புண்ணாக இருக்கும், ஒட்டிக்கொள்ளும் என்று லயமே தள்ளி நின்றது.

வருகிற ஞாயிறு கருமாதி, அன்றைக்கே தாலியையும் கழற்றிவிடுவது என்று மணியம்மா முடிவு கட்டினாள். "அவரு உடம்பைக் காட்டுங்க, கழட்டித் தாரேன்" என்றாள் சாரதா.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதிலிருந்து கவாத்து கிடையாது. தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மூடுபனி இறங்கினால் ஒவ்வொரு செடியும் இருளப்பன் மாதிரியே நின்றது. உள்ளே அவன் இருமியதைக் கேட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. மணியம்மா மற்றவர்களைவிட ஒரு தடவை கூடுதலாகவே கேட்டிருந்தாள்.

பங்களாவில் நடந்ததோ வேறு. அங்கே வந்திருந்த ஜப்பான் டாக்டருக்கு ஈப் பைத்தியம். சயாம் முகாம்களில் எடுத்த படங்களைத் தகரப் பெட்டி நிறையக் கொண்டுவந்து, எது என்ன ஈ என்று பிரிக்கத் தோட்டக் கணக்கெழுதும் கிராணி தங்கையாவை உட்காரவைத்திருந்தான்.

பழைய துரை மாட்டுப் புண்ணில் ஈ ஆராய்ந்த காலத்தில், பக்கத்தில் பூதக்கண்ணாடி பிடித்தவர் தங்கையா. அந்தப் பெருமையில், லயமே மரவள்ளிக்கிழங்கைத் தின்றபோது அவர் மட்டும் பங்களாவில் அரிசிச் சோறு சாப்பிட்டார்.

படங்களில் முகமே கிடையாது. ஒரு கால், ஒரு முதுகு, ஒரு தோள். அதில் புண், புண்ணில் ஈ. பிணத்துக்கு வரும் ஈ என்றால் மேசையின் இடப்பக்கம். உயிரோடிருப்பவனைத் தின்னும் ஈ என்றால் வலப்பக்கம்.

தூசி தட்ட வந்த சாரதா ஒரு படத்தின்மேல் விரலை வைத்தவள், எடுக்கவில்லை. யாரோ ஒருவனின் கை. புண்ணுக்குக் கீழே பச்சை குத்தியிருந்தது: சாரதா.

"கிராணி ஐயா, இது எங்க வீட்டுக்காரரு கை."

"ஏம்மா, சயாமுக்குப் போனவன்ல எத்தனை பேரு பொண்டாட்டி சாரதாவோ!"

"தைப்பூசத்துக்குத் தாப்பாவுலருந்து வந்த பொம்பளை குத்துனது. அந்தக் கோணல் எழுத்து எனக்குத் தெரியாதா? குத்திக்க வேலப்பன் தம்பிதான் இவருக்குத் தொணைக்குப் போனாரு, வேணும்னா கேளுங்க." அவள் குரல் இறங்கியது. "இது எந்தப் பக்கம் ஐயா?"

"கறுப்பு வெள்ளைப் படத்துல எல்லா ஈயும் ஒண்ணுதாம்மா" என்று இழுத்த தங்கையா, கண்ணாடியை வைத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"முட்டையைப் பாரு, புண்ணு ஓரத்துல ஓடு வேஞ்ச மாதிரி அடுக்கியிருக்கு. புழுவெல்லாம் தலையை உள்ள விட்டுக்கிட்டு வாலை வெளிய காட்டுது. நம்ம மாட்டுக்கு வந்துச்சே, அதே ஜாதிதான். செத்த சதையை இது தொடாது."

"அப்படின்னா?"

"படம் புடிக்கிறப்ப இந்த ஆளுக்கு உசுரு இருந்துச்சு."

டாக்டர் படத்தைத் திருப்பி, பின்னால் இருந்த ஜப்பான் எழுத்தைப் படித்துச் சொன்னான். இந்த வருஷம் மார்ச் மாதம். தீபாவளிக்கு முன்னால் புதைக்கப்பட்டவன், தீபாவளி கழிந்து மார்ச்சில் படத்தில் இருந்தான்.

சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டு, தங்கையாவே சாரதாவோடு லயத்துக்கு வந்தார். இப்படி ஒரு ஊர்வலத்தை அவரும்தான் எப்படி விடுவார்?

மணியம்மா நின்ற இடத்திலேயே கட்சி மாறினாள். "நான்தான் அப்பவே இருமல் கேட்டுச்சுன்னேனே! செத்தவன் எங்கலா இருமுவான்? மஞ்சளை அரைங்கடி, இவளுக்குப் புதுத் தாலிக் கயிறு மாத்தணும்!"

பிறகு வேலப்பன் பக்கம் திரும்பினாள். "உசுரோட இருக்கிறவனுக்கு மண்ணு தள்ளுனேன்னு வந்து நின்னியே, உனக்குச் சோறு எறங்குச்சா? இவளைக் கட்டிக்கலாம்னு பார்த்தியா?"

"நீங்க சும்மா இருங்கக்கா" என்று சாரதா அவனிடம் போனாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. "சொல்லுங்க தம்பி. தூக்கிட்டு வர முடியலைன்னா விட்டுட்டு வந்திருப்பீங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். உசுரோடதானே விட்டுட்டு வந்தீங்க?"

வேலப்பன் படத்தை வாங்கிப் பார்த்தான். வெளியே தேயிலைக்குள் யாரும் இருமவில்லை.

படத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, மணிக்கட்டுப் பித்தானைக் கழற்றிச் சட்டைக் கையை மேலே சுருட்டத் தொடங்கினான்.

"அது என் கை, சாரதா."