செவலையின் வாசனை

புல்வெளிக்குக் காவல் இருந்த நரி ஒருநாள் சட்டம் போட்டது. மேய வருகிறவர்கள் எல்லோரும் அது தரும் வாசனைத் தண்ணீரைப் பூசிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். வியர்வை நாற்றம் தாங்க முடியவில்லையாம்.

குட்டி போட்டு இரண்டு நாளே ஆன செவலை என்ற ஆடும் பூசிக்கொண்டு போய் மேய்ந்துவிட்டு வந்தது. மடி நிறையப் பால் இருந்தும் குட்டி கிட்டே வரவில்லை.

"நீ என் அம்மா இல்லை" என்று அழுதது.

செவலை பதறிப்போனது. ஓடையில் இறங்கி, அந்த வாசனை போகும்வரை குளித்தது. கரையில் யாரோ விட்டுப்போன படிகாரக் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. வியர்வை வீச்சம் போய், அதன் சொந்த வாசனை மட்டும் மிஞ்சியது. குட்டி ஓடிவந்து மடியை முட்டியது.

மறுநாள் நரி வழிமறித்தது. "பூசாமல் உள்ளே விடமாட்டேன்."

"கிட்டே வந்து முகர்ந்து பார். நாறுகிறதா?"

நரி முகர்ந்தது. "நாறவில்லை. ஆனால் ஆட்டு வாசனை வருகிறதே!"

"நான் ஆடுதானே? வேறு என்ன வாசனை வரும்?" என்ற செவலை, குட்டியோடு நரியைத் தாண்டி உள்ளே நடந்தது.

அடுத்து நின்ற எருமையிடம் நரி புட்டியை நீட்டியது. எருமை அதைப் பார்க்கவே இல்லை; உள்ளே போகும் ஆட்டைக் கூப்பிட்டது.

"செவலை, கொஞ்சம் நில். நீ எதைத் தேய்த்துக் குளித்தாய்?"