ஒளி தந்த சகோதரர்

சேலையூர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய மாலை இது: மாதா கோயில் திருவிழாவில் நன்றியுரை தொடங்கிவிட்டது. மைக்கைப் பிடித்திருக்கும் சாமியாரின் வெள்ளை அங்கி, சீரியல் பல்புகளுக்கு ஏற்பச் சிவந்தும் நீலம் பாரித்தும் மாறுகிறது. பந்தலுக்குத் துணி கொடுத்தவருக்கு நன்றி, அந்தத் துணி பிரமாதம் என்று சொன்னவருக்கும் நன்றி. இத்தனை வெளிச்சத்துக்கும் காரணமான ஜெனரேட்டர் கோயில் சுவருக்குப் பின்னால் தடதடக்கிறது. அதை ஓட்டும் சவுரிமுத்து, டீசல் கையை லுங்கியில் துடைத்துத் துடைத்து மேடையை எட்டிப் பார்க்கிறான். எந்த வருஷமும் அவன் பெயர் வந்ததில்லை.

"இந்த வாட்டியாவது என் பேர சொல்லுவாரா பேபி?"

"ஆண்டவர் திட்டத்துல உனக்கும் ஒரு எடம் கீதுய்யா. கம்முனு குந்து" என்கிறாள் மனைவி.

அவனால் குந்த முடியவில்லை. "இறுதியாக, நமக்கு ஒளி தந்த சகோதரர்..." என்று ஒலிபெருக்கி இழுக்கிறது. அதற்கு மேல் ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. தன் பெயரைக் காதாரக் கேட்டுவிடும் தவிப்பில் சவுரிமுத்து ஜெனரேட்டரை நிறுத்துகிறான். பல்புகள், மைக், சாமியார் எல்லாம் ஒருசேர அணைகின்றன.

"டேய் சவுரிமுத்து! இன்னாடா பண்ணிகினு கீற?" என்று இருட்டில் ஊரே கத்துகிறது.

பெயர் தெளிவாகக் கேட்கிறது.