கொட்டகைக்குள் வந்தவன்

"கொட்டகைக் கணினியோட கடவுச்சொல்லை மாத்துனியா, இல்லையா?" என்று நியேவெஸிடம் கத்தினான் கணவன் எலெயூதேரியோ.

"மாத்துனேன். சும்மா குதிக்காத."

பெரு நாட்டு மலையூரில் அவர்கள் பிழைப்பே இறைச்சிக்கு வளர்க்கும் நாற்பது கினிப்பன்றிகள்தான். எங்கிருந்தும் ஹீட்டரைப் போடலாம் என்று கொட்டகையில் உள்ளங்கையளவுக் கணினி ஒன்றை அவள்தான் பொருத்தியிருந்தாள். ஆனால் மாமியாரின் அறுவை சிகிச்சைக்காகத் தலைநகர் லீமாவுக்குப் போன கவலையில் இருவருமே அதை மறந்துவிட்டார்கள். ஊரில் மூன்று நாள் உறைபனி. பயந்துகொண்டே திரும்பி வந்தால், நாற்பதும் உயிரோடு கீச்சிட்டன.

"பாரு, மூணு நாளும் அரேகிபா டவுன்லேருந்து எவனோ கணினிக்குள்ள வந்திருக்கான். திருட்டுப்பய!" என்று திரையைக் காட்டினான் எலெயூதேரியோ.

"ஹீட்டர் போட்டுவிடுற திருடனா?"

அவள் திரையை உருட்டினாள். குளிர் எச்சரிக்கையும் உள்ளே நுழையும் இணைப்பும் அவளுடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. கணினியை அமைத்த அன்று பழக்கதோஷத்தில் அதைக் கொடுத்துவிட்டாள். கல்லூரி நாளில் அண்ணனும் அவளும் சேர்ந்து தொடங்கிய, இருவருமே திறக்கக்கூடிய முகவரி அது. நிலத் தகராறில் அண்ணன் அரேகிபாவுக்குப் போய் எட்டு வருடமாகிறது; அன்றிலிருந்து பேச்சில்லை.

அவள் கைபேசியை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, எல்லாம் பிழைச்சிருச்சு. ஞாயித்துக்கிழமை அண்ணியையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வர்றியா?"