காயாத தரை

"யோவ் மேஸ்திரி! என்னை உயிரோட சமாதி வச்சுட்டியேய்யா!"

வீட்டுக்காரரான அண்ணன்காரர் போட்ட கூச்சலில், வெளியே கான்கிரீட் கலந்துகொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகிவிடவில்லை. பழைய கூடத்தின் கோடியில், சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார். அவருக்கும் வாசற்படிக்கும் நடுவே பதினைந்தடி நீளத்துக்கு, அப்போதுதான் போட்ட தரை ஈரமாகப் பளபளத்தது.

வெடித்துப் போயிருந்த பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிற வேலை. எந்த ஊர்க் கொத்தனாரும் எதிர்ச்சுவரில் ஆரம்பித்து வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வருவார். முப்பது வருஷம் கரண்டி பிடித்த இந்த மேஸ்திரியோ சுவரை ஒட்டி இரண்டடியை விட்டுவிட்டு, குறுக்கே ஒரு பலகையை அணைகொடுத்து, அங்கிருந்து ஆரம்பித்திருந்தார்.

அந்த இரண்டடியில் நின்று, தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தின் குமிழியையே முறைத்துக்கொண்டிருந்த அண்ணன்காரர், மேஸ்திரி வாசலுக்கு வெளியே காலை வைத்த பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"ஆறடி ஆள் நிக்கிறேன், உன் கண்ணுக்குத் தெரியலையா? கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?"

"கவனிக்கலீங்க ஐயா."

ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்கிற மேஸ்திரி அவர். அன்று பூனை மாதிரி நின்று தலையைச் சொறிந்தார்.

சத்தம் கேட்டு அண்ணன்காரரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "பலகை போட்டு நடந்து வரச் சொல்லுங்களேன்."

"பலகையோட சேர்ந்து அவரும் அமுங்கிடுவாரும்மா. நாளைக் காலம்பற வரைக்கும் எறும்புகூட ஏறக் கூடாது."

"ஜன்னல்?"

"கம்பியை அறுக்கணும்."

"அப்போ ஒரே வழிதான்." அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏங்க, உங்க முதுகுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கே, அது எதுக்கு?"

மேஸ்திரி சட்டென்று குனிந்து கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் தம்பியின் வீடு. ஆறு வருஷத்துக்கு முன் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, பண்டம் பாத்திரமெல்லாம் சுமுகமாகப் பங்கு ஆனது. கூடத்தில் தொங்கிய ஒரு மின்விசிறியில் வந்து முட்டிக்கொண்டார்கள். "நானா போய் அந்தக் கதவைத் தட்டினா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்றார் அண்ணன். "அவரா வந்து தட்டுற வரைக்கும் தாழ்ப்பாள்ல என் கை படாது" என்றார் தம்பி. கதவு இரண்டு பக்கமும் தாழிடப்பட்டது. மின்விசிறி பழைய இரும்புக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. வீம்பு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

போன மாதம் தம்பிக்கு வயிற்றில் ஆபரேஷன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் அண்ணனுக்குச் சோறு இறங்காது. போய்ப் பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

"செத்தாலும் தட்ட மாட்டேன்!" என்றார் அண்ணன், அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி.

"அப்போ விடிய விடிய நில்லுங்க. சாப்பாட்டை ஜன்னல் வழியா நீட்டறேன்."

"இந்தத் தரை கெட்டுப் போகக் கூடாதேன்னுதான்... வேற வழியில்லாம... எல்லாரும் பார்த்துக்குங்க!"

ஊரையே சாட்சிக்கு அழைத்துவிட்டு அவர் திரும்பினார். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று எல்லோரும் நினைத்த தாழ்ப்பாள், தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குக் கையை ஓங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது.

வேலை நாளும் அதுவுமாகத் தம்பி வீட்டில் இருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ரொம்பவே இளைத்திருந்தார்.

அவர் பார்வை அண்ணனின் காலுக்குப் போனது.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்கண்ணே. தரையெல்லாம் சிமெண்ட் ஆயிடும்."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டான் பாரு!" என்றார் அண்ணன். தம்பி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் அண்ணன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்புறம் இரண்டு மணி நேரம் அந்த வீட்டிலிருந்து ஒரே பேச்சும் சிரிப்பும்தான்.

சாயங்காலம் மேஸ்திரி வாசல் குழாயடியில் கரண்டியையும் சட்டியையும் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன்காரர் தம்பி வீட்டுத் தெருவாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேஸ்திரியின் காதோரம் குனிந்தார்.

"சொன்னபடியே கச்சிதமா முடிச்சிட்டேய்யா. கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன், மனசுல வச்சுக்காதே. ஆனா ஒண்ணு. நான் சொல்லித்தான் நீ என்னை அங்க மாட்டிவிட்டேன்னு தம்பிக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா என் மானம் கப்பல் ஏறிடும்."

மேஸ்திரி குழாயை மூடினார்.

"அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு அவரும்தாங்க சத்தியம் வாங்கியிருக்காரு!"