கடைசி இரண்டு தாள்கள்

இருட்டறையின் கறுப்பு உறைக்குள் இரண்டே புகைப்படத் தாள்கள் எஞ்சியிருந்தன. ஒன்று பளபளப்பானது, மற்றது மங்கலானது. மேசைமேல் ஒரு நெகட்டிவ் இருந்தது. மறைந்துபோன தாயொருத்தியின் முகம் இவ்வுலகில் அதில் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவளுடைய மகள் வாசலில் காத்திருந்தாள்.

“உங்களில் யார் என்னை ஏற்பீர்கள்?” என்று நெகட்டிவ் கேட்டது.

“இதிலென்ன சந்தேகம், அம்மா? என் மினுமினுப்பைக் கண்டவர் இந்தச் சுண்ணாம்புச் சுவரையா தொடுவார்?” என்றது பளபளப்புத் தாள்.

“தங்கள் சித்தம், தாயே” என்றது மங்கல் தாள்.

புகைப்படம் அச்சிடுபவர் கதவைத் திறந்து வெளியே சென்றார். பகல் வெளிச்சம் உள்ளே பரவியது. தன் அழகைக் காட்டும் ஆவலில் பளபளப்புத் தாள் உறையை விட்டு முழுதும் வெளியே வந்து, ஒரு கணம் மின்னிவிட்டு, மீண்டும் உள்ளே புகுந்தது.

திரும்பி வந்தவர் கதவடைத்து, சிவப்பு விளக்கை ஏற்றி, பளபளப்புத் தாளையே முதலில் எடுத்தார். நெகட்டிவின் வழியே அதன்மேல் ஒளி பாய்ச்சி, படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் இட்டார். ஏற்கெனவே பகல் வெளிச்சம் பட்டிருந்த தாள் முழுதும் கறுத்தது. முகம் வரவில்லை.

அவர் மங்கல் தாளை எடுத்து, அவ்வாறே ஒளி பாய்ச்சி, கரைசலில் இட்டார். முதலில் கூந்தல் தோன்றிற்று, பின்பு பொட்டு, பின்பு கண்கள்.

“தம்பி, எங்கேயப்பா இருக்கிறாய்?” என்று கறுத்த தாள் கலங்கி மங்கல் தாளை அழைத்தது.

உள்ளே வந்த மகள் முகம் தோன்றிய தாளைப் பார்த்து, “அம்மா” என்றாள்.