பிழைச்சுப் போச்சு

ஃபிரிட்ஜின் போர்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போன மனுசன் மூன்று மணி நேரமாகியும் திரும்பவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நாகஜோதி மறுபடியும் மீன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஃபிரீசரிலிருந்து எடுத்து அதில் வைத்திருந்த ஐஸ் பாதிக்கு மேல் தண்ணீராகிவிட்டது. அதற்குள் துணி சுற்றி வைத்த டப்பாவில் மகள் பானுப்பிரியாவின் இன்சுலின். ஒன்பது வயசுப் பிள்ளை, தினமும் ஊசி போட்டால்தான் உயிர். மூன்று மாதத்து மருந்தை மொத்தமாக வாங்கி வந்து நாலு நாள்கூட ஆகவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் எக்குத்தப்பாக ஏறி, உச்சிப்புளிப் பக்கம் அவள் வீடு இருந்த தென்னந்தோப்பில் நாலு வீட்டு ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. ஐஸ் வாங்கலாமென்றால் மீன்பிடித் தடைக்காலம், ஐஸ் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. வெயிலோ மே மாத வெயில்.

கூப்பிட்டதும் வந்த ஒரே மெக்கானிக் சண்முகலிங்கம்தான். இலங்கையிலிருந்து வந்து இரண்டு வருசமாக மண்டபம் முகாமில் இருப்பவர். காலையில் போர்டைத் திறந்து காட்டினார்.

"பாருங்கோ தங்கச்சி, மூண்டு கெப்பாசிட்டர் தலை வீங்கிக் கிடக்கு. சின்னது ரெண்டும் என்னட்ட இருக்கு. பெரிசுதான் இல்லை."

இராமநாதபுரத்துக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். நாளைக்கு மதுரையிலிருந்து வந்தால்தான் உண்டு என்றார்கள்.

"போர்டைக் கொண்டு போறன். அளவு பாத்து எங்கையாவது எடுத்துக்கொண்டு வாறன். ஒரு மணித்தியாலம்" என்று போனவர்தான்.

"முன்னப் பின்னத் தெரியாத ஆள்கிட்டப் போர்டைத் தூக்கிக் குடுத்திட்டியே" என்று பக்கத்து வீட்டு ராமலெட்சுமி வேறு வந்து எரிகிறதில் எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒருவழியாக வாசலில் மொபெட் சத்தம். வேர்த்து விறுவிறுக்க இறங்கினார் சண்முகலிங்கம். கையில் ஒரு பெரிய பை.

"ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு இம்புட்டு நேரம் எங்கண்ணே போனீக?"

"சுணங்கிப் போச்சு. குறை நினைக்காதேங்கோ. இந்தாங்கோ, மருந்துப் பெட்டிக்குள்ள இதைப் போடுங்கோ."

பைக்குள் குச்சி ஐஸ். முப்பது நாற்பது இருக்கும்.

"எதுக்குண்ணே இத்தனை?"

"வீட்டில விக்கச் செய்தது. பிள்ளைக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ, சீனி போட்டது."

நேரத்தை இழுத்ததற்கு ஐஸ் வைக்கிறார் போலிருக்கு என்று நினைத்துக்கொண்டே, அதைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

அவர் தரையில் உட்கார்ந்து போர்டில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தொடங்கினார். எட்டிப் பார்த்த நாகஜோதிக்குச் சுருக்கென்றது. அந்தப் பெரிய கெப்பாசிட்டர் தலையில் தூசி. அதன் கம்பிக் காலில் பழைய ஈயம்.

"புதுசாண்ணே?"

"நல்லது" என்றார், நிமிராமல்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவள் மேலே கேட்பதற்குள் அவர் போன் அடித்தது. "வீட்டில இருந்து" என்று எழுந்து வெளியே போனார். நாகஜோதி ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள். ஒட்டுக் கேட்பது தப்புதான். பிள்ளை உயிர் பெரிதா, தப்பு பெரிதா?

"ஓம் விமலா, ஃபிரிட்ஜ் பிழைச்சுப் போச்சு. எனக்குத் தெரியும். இங்கை ஒண்டும் சொல்லேல்ல. சொன்னால் வாங்க மாட்டினம்."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றாள், தெரியாதவள் மாதிரி.

"இன்னும் சரிவரேல்ல. அரை மணித்தியாலம் பொறுங்கோ."

அவ்வளவுதான். நாகஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஏண்ணே, ஃபிரிட்ஜு பொழச்சிருச்சுன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்றீக. எங்கிட்ட அரை மணி நேரம்னு ஓட்டுறீக. சொன்னா வாங்க மாட்டாகன்னு வேற. எந்தக் குப்பையில பொறுக்குன சாமானை எங்க தலையில கட்டுறீக? இங்கன ஒரு பிள்ளை உயிரு கெடக்கு."

அவர் முகம் சுருங்கிப் போனது. கடைசிக் காலையும் பற்றவைத்து, போர்டை மாட்டி, ஒரு குண்டு பல்பின் வழியாகக் கரண்ட் கொடுத்தார்.

"பல்ப் அணையாமல் எரிஞ்சால் திரும்பவும் போச்சு. மங்கினால் தப்பிச்சம்" என்றார்.

பல்ப் பளீரென்று எரிந்தது. நாகஜோதி மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பானுப்பிரியா "வலிக்குதும்மா" என்றாள். பல்ப் மெல்ல மெல்ல மங்கியது. அவர் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்தார். ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

நாகஜோதிக்கு அழுகை வந்தது. மருந்தை அள்ளி உள்ளே வைத்தாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"ஓடுதுண்ணே, சந்தோசம். ஆனா பொழச்சிருச்சுன்னு தெரிஞ்சும் என்னைய எதுக்குண்ணே தவிக்கவிட்டீக?"

அவர் விழித்தார். பிறகுதான் விளங்கியது போல.

"அட, அதைக் கேட்டனீங்களோ. எங்கட ஊரில பிழைச்சுப் போச்செண்டால் கெட்டுப் போச்செண்டு அர்த்தம், தங்கச்சி."

"கெட்டுப் போச்சா? எங்க ஃபிரிட்ஜுதான் ஓடுதே. அப்ப கெட்டுப் போனது யாரு வீட்டுது?"

சண்முகலிங்கம் வயரைச் சுருட்டினார். நாகஜோதி மீன் பெட்டியைப் பார்த்தாள். விற்கச் செய்த குச்சி ஐஸ் அத்தனையும் அதில் உருகிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அப்ப அந்தப் பெருசு உங்க வீட்டு..." என்றாள்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எங்கட ஃபிரிட்ஜுக்குள்ள இருந்தது ஐஸ்தானே தங்கச்சி. மருந்து இல்லையே."