அதே டிரைவர்தான் வேணும்

வருமானம் குறைந்த அப்பாக்களை ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் இலவசமாகக் காரில் அனுப்பிவைக்கும் அலுவலகம் அது. போனை எடுத்ததுமே குரல் யாருடையது என்று அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. முட்டிவலிப் பெரியவர்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும்மா. அதே டிரைவரை அனுப்புங்க."

"ஐயா, போன வாரம் அவரைப் பத்தி அவ்ளோ குறை சொன்னீங்களே?"

"இப்பவும் சொல்றேன். பத்து கேள்வி கேட்டா ஒண்ணுக்குத்தான் 'ம்'முங்கிறான். மூஞ்சியை உர்ருன்னு வச்சிருக்கான். அந்தத் தாடியைப் பாத்தா, பேஷன்ட் அவனா நானான்னு நர்ஸுக்கே சந்தேகம் வருது."

அவளுக்குச் சுருக்கென்றது. ஓசியில் வருகிறவர் என்றால் அந்த டிரைவருக்கு அவ்வளவு இளப்பமா?

"இனிமே அவருக்கு இங்க வேலை கிடையாதுங்கய்யா. இன்னிக்கே நிறுத்திடறேன்."

"ஐயையோ, அவன் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்கம்மா! நீங்க ஒரு அதட்டு போட்டா திருந்துவான்னுதான் சொன்னேன். நான் சொன்னா எங்க கேக்கறான்?"

"நீங்க சொல்லி அவர் ஏன் கேக்கணும்?"

பெரியவர் இருமிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெத்தவன் பேச்சைப் பிள்ளை கேக்க வேண்டாமா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொந்தப் பிள்ளைகிட்டப் பேசறதுக்கு எங்க கார் எதுக்குங்கய்யா? வீட்டுலயே பேசலாமே?"

"வீட்டுல கல்யாணப் பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிடறான். ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு எங்கம்மா ஓடுவான்?"